அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் முதியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும்: தில்லித் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்.கே.புரம், கரோல் பாக், முனிர்கா, ஜனக்புரி, மயூர் விஹார் எனத் தமிழர்கள் பரவி வாழும் தில்லிப் பகுதிகளில் இன்று இரண்டு வகையான முதியவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாரார் மத்திய அரசு வேலைக்காக இளம் வயதில் வந்து இங்கேயே ஓய்வு பெற்றவர்கள்; காய்கறிக்காரரிடம் ஹிந்தியில் பேரம் பேசக் கூடியவர்கள். மற்றவர்கள் ஊரில் தனியாக இருக்க முடியாத வயதில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து சேர்ந்தவர்கள். இடுப்பெலும்பு முறிவோ, மூட்டு மாற்றோ, பைபாஸோ வரும்போது இவ்விரு சாராருக்கும் தேவைப்படும் துணை ஒன்றாக இருப்பதில்லை. மருந்து, காயம், உடற்பயிற்சி ஆகியவற்றில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது. கீழே உள்ள பதில்கள் அவற்றைச் சுற்றி வீட்டில் அமைய வேண்டிய துணையைப் பற்றியவை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலை நம்பி இயல்பாக நடமாட 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். பைபாஸுக்காகத் திறந்த மார்பெலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் வேண்டும். அதுவரை பளுவான எதையும் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. இந்த வாரங்கள் எல்லாம் வீட்டில் கழிபவை. படுத்தே கிடந்தால் முதியவரின் தசை விரைவில் வற்றும், நுரையீரலில் சளி தங்கும், காலில் இரத்தம் உறையலாம், முதுகிலும் குதிகாலிலும் புண் வரும். அவரை எழுப்பி உட்கார வைக்கவும், நடக்கச் செய்யவும், வேளைக்கு உண்ண வைக்கவும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். எந்தப் பயிற்சியும் பெறாத மகளும் மருமகளும், சில வீடுகளில் எழுபத்தைந்து வயதுக் கணவரும்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆகையால் யார், எந்த நேரத்தில், எந்த வேலை என்பது டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

டிஸ்சார்ஜ் தாளில் இருப்பதைவிட அதில் இல்லாததைத்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டு வந்த இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளில் எவை தொடரும், எவை நிற்கும் என்பது முதல் கேள்வி. பழைய டப்பாவும் புதிய சீட்டும் சேர்ந்து ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவது நடக்கக் கூடியதே. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதியிருந்தால் அதை வீட்டில் யார் போடுவது என்று கேளுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் வாக்கரின் உயரத்தைச் சரிசெய்வதையும், உண்மையில் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் முன்னிலையில் பிசியோதெரபிஸ்ட் செய்து காட்ட வேண்டும். பணம் கட்டும் மகன் முன்னிலையில் காட்டிப் பயனில்லை.

லிஃப்ட் இல்லாத பழைய டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பிலோ அரசுக் குவார்ட்டர்ஸிலோ மாடியில் வசிப்பவர்கள் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். கால் அறுவை சிகிச்சைக்குப் பின், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில் என்ற முறையை மருத்துவமனைப் படிக்கட்டிலேயே பழக்கிவிடலாம். கமோடு நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, இரவு விளக்கு ஆகியவை டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டில் இருக்கட்டும். காப்பீட்டு ஒப்புதல் வரத் தாமதமாகி இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்வது இங்கே சாதாரணம். அந்த நேரத்தில் இவற்றுக்காகக் கடை தேடி அலைய முடியாது.

அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது; வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் அட்டெண்டன்டுக்குத் தமிழ் தெரியாது. இது பெரிய சிக்கலா?

பெரிய சிக்கல்தான், பல குடும்பங்கள் இதை மிகக் குறைவாக மதிப்பிடுகின்றன. சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாத அம்மா அடக்கிக்கொள்வார். அடிக்கடி எழுப்பச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். அதிலிருந்து மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம் என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். வலியைச் சொல்ல முடியாததால் நடைப் பயிற்சியை மறுப்பார். அவர் ஒத்துழைக்கவில்லை என்று ஆள் புகார் சொல்வார். மொழி இல்லாத இடத்தில் முதியவர் பிடிவாதக்காரராகத் தெரிவார்.

செய்யக் கூடியவை எளியவை. அன்றாடம் தேவைப்படும் இருபது முப்பது சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அம்மாவுக்காக பானி (தண்ணீர்), தர்த் (வலி), டண்ட் (குளிர்) போன்றவை தமிழ் எழுத்தில் இருக்கட்டும்; ஆளுக்காகத் தண்ணி, வலிக்குதா, மெதுவா, எழுந்திரிங்க போன்றவை தேவநாகரியில் இருக்கட்டும். ஆளுக்கு ஹிந்தி படிக்கத் தெரியாவிட்டால் செம்பு, கழிப்பறை, போர்வை என்று படம் வரைந்தாலும் போதும். வலியின் அளவை விரல்களால் காட்டும் முறையை இருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். தில்லி மருத்துவமனைகளில் கேரளத்துச் செவிலியர்கள் நிறைய; அவர்களில் பலருக்குத் தமிழ் புரியும் என்பதால் வார்டில் இருக்கும்போதே அப்படி ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் ஒரு மணி நேரம் தமிழில் பேச ஒருவர் நேரில் வருவது அவசியம். ஊரிலிருந்து வரும் வீடியோ அழைப்பு இதற்கு ஓரளவுதான் ஈடாகும். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டாவது ஆள் வைப்பதா, பக்கத்துப் பிளாக்கில் இருக்கும் தமிழ் மாமியைத் தினமும் ஆட்டோவில் அழைத்து வருவதா என்று கேட்டால், எம் கருத்தில் இரண்டாவதே மேல்.

ஆள் வைப்பதென்றால் 12 மணி நேரமா, 24 மணி நேரமா?

இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தது. 24 மணி நேர ஆளும் மனிதர்தான். இரவில் நான்கு முறை எழுந்தவரிடம் மறுநாள் பகலில் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. முதல் இரண்டு வாரம் இரவுக்குத் தனி ஆளோ, குடும்பத்தினரின் முறை வைத்த விழிப்போ தேவைப்படும். அட்டெண்டன்ட் வேறு, செவிலியர் வேறு. ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அட்டெண்டன்டின் வேலையல்ல. ஏஜென்சியிடம் ஆள் வராத நாளில் மாற்று யார் என்பதை எழுதி வாங்குங்கள். தில்லிக் காவல்துறையின் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து அம்மாவின் பழக்கங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க ஒழுங்கான இடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆகியவற்றைத் தருவது நியாயம் மட்டுமல்ல, ஆள் நிலைப்பதற்கும் அதுவே வழி.

அப்பா இரவில் ஆளே மாறிப் பேசுகிறார். இறந்துபோன அத்தையைக் கூப்பிடுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், குறிப்பாக இடுப்பெலும்பு முறிவுக்கும் இதய அறுவை சிகிச்சைக்கும் பிறகு, மிகப் பரவலாகக் காணப்படுவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். காலையில் தெளிவாகவும் மாலைக்கு மேல் மோசமாகவும் ஏறி இறங்கும். சிலர் கத்துவார்கள், டியூபைப் பிடுங்குவார்கள். சிலரோ சத்தமே இல்லாமல் மந்தமாகக் கிடப்பார்கள். இந்த இரண்டாம் வகையை ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து விட்டுவிடும் ஆபத்து அதிகம். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, அடைபட்ட சிறுநீர், மலச்சிக்கல், அடங்காத வலி, தூக்க மாத்திரை போன்ற காரணம் ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயதானால் அப்படித்தான் என்று காத்திருக்கக் கூடாது, மருத்துவரைக் கேட்காமல் தூக்க மருந்தும் கொடுக்கக் கூடாது.

குடும்பம் செய்யக் கூடியது நிறைய உண்டு. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மருத்துவமனைப் பையிலேயே விட்டுவைக்காமல் மாட்டிவிடுங்கள். எதிரே ஒரு கடிகாரமும் தினசரி நாட்காட்டியும் இருக்கட்டும். பகலில் திரையைத் திறந்து வையுங்கள், இரவில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். இன்று என்ன கிழமை, இது யார் வீடு, எதற்காகக் காலில் கட்டு என்பதை வாதம் செய்யாமல் அமைதியாக, அவருடைய மொழியில் சொல்லுங்கள். குழப்பத்தில் இருப்பவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை விட்டுவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்பிவிடக் கூடும். நாற்பது வருடம் ஹிந்தியில் அலுவலகம் நடத்திய அப்பா அன்றிரவு தஞ்சாவூர்த் தமிழ் மட்டும் பேசினால் திகைக்க வேண்டாம். இந்த நாட்களில் இரவுத் துணைக்கு வெளியாள் போதாது, தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்க வேண்டும். முழுமையாகத் தெளிவு திரும்ப, சிலருக்கு நாட்களும் சிலருக்கு வாரங்களும் ஆகும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். விடுப்பை எப்படித் திட்டமிடுவது?

மத்திய அரசு ஊழியர்களுக்குப் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனி விடுப்பு கிடையாது. ஆனால் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றை முதிய பெற்றோரைக் கவனிப்பது உள்ளிட்ட சொந்தக் காரணங்களுக்காக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. தனியார் நிறுவனங்களில் அவரவர் விதிமுறைதான்.

விடுப்பை அறுவை சிகிச்சை நாளிலேயே செலவழித்துவிடுவது பொதுவாகக் காணப்படும் தவறு. மருத்துவமனையில் செவிலியர் இருப்பார்கள். வீடு திரும்பிய முதல் பத்து நாளில்தான் நீங்கள் தேவைப்படுவீர்கள். கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் விடுப்பு எடுக்காமல் அடுத்தடுத்த வாரங்களில் எடுப்பதும், தையல் பிரிக்கும் நாளுக்கும் முதல் மறுபரிசோதனைக்கும் இரண்டு நாளை ஒதுக்கி வைப்பதும் நல்லது. வீட்டிலிருந்தே வேலை செய்தால் பார்த்துக்கொண்டுவிடலாம் என்ற கணக்கு முதல் வாரத்தில் பலிக்காது.

எல்லோரும் ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள் என்கிறார்கள். என்ன சொல்வது?

வேலை, நாள், நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றும் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது நம் வாயில் தானாக வரும் பதில். யாருக்கும் கடன்படக் கூடாது என்ற வளர்ப்பு அது. ஆனால் கேட்டவர் மனப்பூர்வமாகத்தான் கேட்கிறார், எதைச் செய்வதென்று அவருக்கும் தெரிவதில்லை. வியாழக்கிழமை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அம்மாவோடு உட்கார முடியுமா, நான் வங்கிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அவரால் முடியும், முடியாது என்று சொல்லிவிட முடியும். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு ஒருவர், மருந்துக் கடை ஒருவர், பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது ஒருவர், மறுபரிசோதனைக்குக் கார் ஒருவர் என்று பிரித்தால் எவருக்கும் பாரமில்லை. இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போட்டு, பார்த்துக்கொள்பவர் அல்லாத வேறொருவர் நிர்வகிப்பது உத்தமம். பார்த்துக்கொள்பவரே இருபது பேருக்குத் தினமும் உடல்நிலை அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

தமிழர்களிடம் மட்டும் கேட்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் நடுராத்திரியில் கார் எடுக்கத் தயங்காது. தமிழ்த் தோழி அம்மாவிடம் பழங்கதை பேசுவார். எவரிடம் எது இயல்பாக வருமோ அதைக் கேளுங்கள்.

ஒரே சந்தில் நெருங்கி வாழ்ந்த எளிய குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் முன்பு தேவைப்பட்டதில்லை. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி 2025 ஜூனில் இடிக்கப்பட்டு, தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டபோது, வீட்டு வேலைக்குப் போகும் மகள் திரும்பும் வரை பாட்டியைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கமும் சிதறிப்போனது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரை டிஸ்சார்ஜுக்கு முன்பே சந்தித்து வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். உதவித் திட்டங்கள், மருந்து, வாக்கர் போன்றவற்றுக்கு அவர் வழிகாட்டுவார்.

பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

முதல் வாரம் மாலை ஐந்து முதல் ஆறரை வரை என்று நேரம் சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் பிறகு வரட்டும். காப்பி போட்டுக் கொடுக்கும் கடமையிலிருந்து வீட்டுப் பெண்ணை விடுவித்துவிடுங்கள். இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்த படுக்கையான தூரத்து உறவினரின் கதையோடு வருபவர்களைக் கூடத்திலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பலாம்.

அண்ணன் சென்னையில், தங்கை அமெரிக்காவில். எல்லாம் என் தலையில் விழுகிறது.

அருகில் இருப்பவர் உடலால் செய்கிறார்; தூரத்தில் இருப்பவர் பணம் அனுப்பிவிட்டு யோசனையும் சொல்கிறார். இதில் எழும் மனக்கசப்பு அறுவை சிகிச்சையைவிட நீண்ட காலம் ஆறாமல் இருப்பதுண்டு. தூரத்தில் இருந்தே செய்யக் கூடிய வேலைகள் பல உண்டு. காப்பீட்டு நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து, மருந்து ஆன்லைனில் வாங்குவது, மறுபரிசோதனைக்கு முன்பதிவு, ஆளின் சம்பளக் கணக்கு, அம்மாவை மாலையில் அரை மணி நேரம் பேசவைப்பது ஆகியவற்றை முழுமையாக அவர்களிடம் ஒப்படையுங்கள். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இரவு. தூக்கம் வராத அம்மாவுக்குத் தங்கை துணையாக இருக்க முடியும். அண்ணன் பத்து நாள் வந்து தங்குவதானால் முதல் வாரத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது வருவதைவிட, நான்காவது வாரத்தில், உங்களுக்கு அலுப்புத் தட்டும் நேரத்தில் வருவதே பயன் தரும்.

பெற்றோர் பராமரிப்பைக் கடமையாக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அது கைவிடப்பட்டவர்களுக்கான வழி. உடன்பிறந்தவர்களுக்கிடையே வேலையைப் பங்கிட அந்தச் சட்டத்தைப் பேச்சில் இழுப்பது உறவை முறிப்பதில்தான் முடியும்.

மகன் குளிப்பாட்டுவதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மருமகளும் தயங்குகிறாள்.

இருவர் கூச்சமும் மதிக்கத் தக்கதே. குளியலுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் ஒரு பெண் அட்டெண்டன்டை வைக்கலாம். அம்மாவால் தாமே செய்ய முடிந்ததைச் செய்ய விடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கம் திறக்கும் நைட்டி அணிந்து, கைக்கெட்டும் இடத்தில் சொம்பு இருந்தால் பாதி வேலை அவராலேயே முடியும். கதவைத் தாழிடாமல் சாத்தி வைத்து வெளியே ஒருவர் நிற்க வேண்டும். மருமகள் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதும், அதை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடத்திக்கொள்வதும் நம் வீடுகளின் வழக்கம். அவளிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 74. இருவர் மட்டுமே தில்லியில். ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் மற்றவரால் முடியுமா?

தனியாக முடியாது. நோயாளியைத் தூக்க முயன்று இரண்டாமவர் விழுவது இப்படிப்பட்ட வீடுகளின் முதல் ஆபத்து. தம் சொந்த மருந்தை மறப்பது இரண்டாவது. முதல் மாதத்துக்குப் பகல் ஆள் கட்டாயம். இரவில் அழைத்தால் ஐந்து நிமிடத்தில் வரக் கூடிய ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்க வேண்டும். தில்லிக் காவல்துறையின் மூத்த குடிமக்கள் பிரிவில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். அதன் உதவி எண் 1291. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 தகவலுக்கும் வழிகாட்டலுக்கும் பயன்படும். அவசரத்துக்கு 112, தில்லி அரசின் ஆம்புலன்ஸுக்கு 102. இந்த நான்கையும் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் குளிர்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பத்தியம் இருக்க வேண்டும் என்கிறாரே மாமியார்?

புளி, கத்திரிக்காய், பருப்பு சேர்த்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்ற நம்பிக்கையால் ரசஞ்சாதமும் கஞ்சியுமாகவே வாரங்கள் கழிகின்றன. காயம் ஆறவும் வற்றிய தசை திரும்பவும் புரதம் வேண்டும். பருப்பு, தயிர், பால், பனீர், சுண்டல், சாப்பிடுபவராக இருந்தால் முட்டையும் மீனும், ஒவ்வொரு வேளையிலும் ஏதேனும் ஒன்றாவது இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாமியாரோடு வாதாட வேண்டாம். டாக்டரை அவர் முன்னால் ஒரு முறை சொல்லச் சொல்லிவிட்டால் போதும்.

உடம்பு தேறுகிறது, ஆனால் எதிலும் பற்றில்லாமல் இருக்கிறார். இது இயல்பா?

சில நாள் சோர்வும் அழுகையும் இயல்பு. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் அளவுக்கே போகிறது. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, பசியில்லை, நான் உங்களுக்குப் பாரம் என்ற பேச்சு நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையைத் தில்லியில் இருக்கும் தமிழ் முதியவர்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பாரம் என்ற எண்ணத்துக்கு அறிவுரை மருந்தாவதில்லை. கீரை ஆய்வது, பேத்தியின் தமிழ்ப் பாடத்தைப் பார்ப்பது, பால் கணக்கு எழுதுவது என அவருக்கென்று ஒரு வேலை வீட்டில் இருக்க வேண்டும். குணமடைவதற்கான இலக்கும் அவர் விரும்புவதாக இருக்கட்டும். ஐந்நூறு அடி நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால் அலுத்துக்கொள்ளும் அப்பா, ஆர்.கே.புரம் மலை மந்திர் படிகளில் ஏறி சுவாமிநாதரைப் பார்க்க வேண்டும் என்றால் மறுநாளே வாக்கரைத் தேடுவார். எப்போது ஏறலாம் என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும்.

பார்த்துக்கொள்ளும் எனக்கே முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது?

முதலில் வீட்டிலேயே, குற்ற உணர்ச்சி இல்லாமல், தெளிவாகச் சொல்லுங்கள். சின்ன விஷயத்துக்குக் கத்துவது, முதுகுவலி, தூக்கம் பிடிக்காமை, நம் மருந்தையும் பரிசோதனையையும் தள்ளிப்போடுவது ஆகியவை எல்லை மீறிவிட்டதற்கான அறிகுறிகள். வாரத்தில் ஒரு அரைநாள் முழுமையாக வேறொருவர் பொறுப்பேற்க, நீங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பது ஓய்வில் சேராது. 14416 உங்களுக்கும் உரியதே. அம்மாவைத் தூக்கும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டால் முதுகு பிழைக்கும்.

செலவுக்கு என்னென்ன வழிகள் உண்டு?

ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்னும் மத்திய அரசு மருத்துவத் திட்டம் இருக்கிறது. மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்குப் பின் வீட்டில் நடக்கும் பிசியோதெரபியின் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்குத் திரும்பப் பெற அதில் வழியுண்டு. சிகிச்சையளித்த மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்திருக்க வேண்டும் என்பதால் டிஸ்சார்ஜ் நாளிலேயே எழுதி வாங்குங்கள். 70 வயது நிறைந்த எவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது; தில்லி 2025 ஏப்ரலில் இணைந்தது, தில்லிவாசிகளுக்கு மாநில அரசு மேலும் 5 லட்சம் சேர்த்துத் தருகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும் பரிசோதனையும் இதில் அடங்கும். சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரியே இருந்தால், சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் ஆயுஷ்மான் உதவி மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் காப்பீடுகள் பொதுவாக டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவை ஏற்கும். அட்டெண்டன்ட் சம்பளத்தை ஏற்காது. அந்தச் சம்பளம்தான் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கைக் குலைக்கிறது, அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

தில்லிக் குளிரிலும் புகையிலும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

அவசரமில்லாத அறுவை சிகிச்சையானால், குறிப்பாக ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ இருந்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை தவிர்க்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் நடமாடத் தோதான மாதங்கள். குளிர்காலத்திலேயே செய்ய நேர்ந்தால் நடைப் பயிற்சி வீட்டுக்குள் நடக்கட்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை விடாமல் பயன்படுத்தச் சொல்வார்கள்; அதில் முக்கியமானது ஊதுவதல்ல, மூச்சை இழுப்பதே. மூடிய அறையில் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைப்பது உயிருக்கே ஆபத்து. தரையில் புரளும் ரஜாய் (பஞ்சுப் போர்வை) வாக்கரில் சிக்கும்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழோ நாற்றமோ பரவும் சிவப்போ, நாள் முழுக்கச் சிறுநீர் பிரியாமை, எழுப்பியும் விழிக்காத மயக்கம், கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உறவினர் குழுவில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். அனுப்பலாமா?

அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பூட்டிய வீட்டுக்கு அனுப்புவதும், அக்கம்பக்கம் முழுக்கத் தமிழ் பேசும், மாடிப்படியில்லாத வீட்டில் சித்தியோடு விடுவதும் ஒன்றல்ல. இரண்டாவது சில சமயம் தில்லியைவிட நல்ல மருந்து. மூட்டு மாற்றுக்குப் பின் நீண்ட நேரம் கால் தொங்க உட்கார்வது இரத்த உறைவுக்கு இடம் கொடுக்கும் என்பதால் பயண நாளை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளுக்கும் மேலான ரயில் பயணத்தைவிட ஏறக்குறைய மூன்று மணி நேர விமானம் உடம்புக்கு எளிது. சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடலாம். ரயில்தான் என்றால் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் முன்பதிவு செய்யுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள் ஆகியவற்றின் பிரதியோடு, ஊரில் தையலையும் மருந்தையும் பார்க்கப் போகும் மருத்துவர் யார் என்பதும் கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் வருகிறது. ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க அப்பாவால் வங்கிக்குப் போக முடியாதே?

போக வேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் முறையில் ஸ்மார்ட்ஃபோனில் முகத்தைப் பதிவு செய்து கட்டிலில் இருந்தபடியே அனுப்பலாம். அஞ்சலகப் பணியாளரை வீட்டுக்கு வரவழைத்தும் கொடுக்கலாம். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சமர்ப்பிக்கலாம் என்பதால், அந்த வயதினருக்கு அறுவை சிகிச்சை அக்டோபரில் என்றால் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.